வார்ப்பு மண் கறுப்பு, பிறகெப்படி ‘கிரீன் சாண்ட்’?

கேள்வி (பாலிடெக்னிக் மாணவர்):
ஃபவுண்டரி (உலோக வார்ப்பு) பாடக் குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘கிரீன் சாண்ட்’ என்று வருகிறது, மண்ணோ கரிக்கறுப்பு. சிவிலில் ‘கிரீன் கான்கிரீட்’, ரப்பர் பாடத்தில் ‘கிரீன் டயர்’. எல்லாவற்றுக்கும் ‘பசுமை’ என்று போடலாமா?

வார்ப்பாலை:
போடாதீங்க தம்பி. சூளையில் சுடாத செங்கல்லைப் பச்சைக்கல் என்கிறார்களே, அந்தப் பச்சைதான் இது. அச்சைக் காயவைக்காமல் ஈரத்தோடேயே உருகிய இரும்பை ஊற்றுவதால் அந்தப் பெயர். சிலிக்கா மணலோடு பென்டோனைட் களிமண் பெரும்பாலும் 6 முதல் 10 சதவீதம், தண்ணீர் 3 முதல் 4 சதவீதம்; இரும்பு வார்ப்புக்கு நிலக்கரித் தூளும் சேரும். கறுப்பு அதனால்தான். தண்ணீர் கூடினால் நீராவி முழுக்க வெளியேறாமல் வார்ப்பில் ப்ளோஹோல் (காற்றுக்குழி) விழும். குறைந்தால் பேட்டர்னை (அச்சு எடுக்கும் மாதிரி வடிவத்தை) உருவும்போதே அச்சின் ஓரம் உதிரும். ஒரு பிடி மண்ணை அமுக்கி ஒடித்துப் பாருங்கள்: விரல் தடம் பதிந்திருக்க வேண்டும், ஒடிந்த விளிம்பு உதிரக் கூடாது, கையில் ஒட்டக் கூடாது.

‘கிரீன் ஸ்ட்ரெங்த்’ என்பது இந்த ஈரநிலை வலிமை. ஈரம் போனபின் இருப்பது ‘டிரை ஸ்ட்ரெங்த்’. தேர்வில் பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான்.

சைட் இன்ஜினியர்:
கான்கிரீட்டில் இரண்டு அர்த்தம் உண்டு, கவனம். பழைய அர்த்தம்: இறுகிவிட்டது, ஆனால் போதிய வலிமை இன்னும் ஏறவில்லை. புதிய அர்த்தம்: ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்), ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) சேர்த்து சிமெண்டைக் குறைத்த கலவை; ‘பசுமை’ இதற்கு மட்டும் பொருந்தும். பலகை பிரிப்பது, பாரம் ஏற்றுவது பற்றிய வாக்கியமென்றால் பழைய அர்த்தம்தான். மாற்றி எழுதினால் க்யூரிங் (ஈரம் காயாமல் வைத்திருக்கும்) நாளே தப்பிப்போகும்: கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் கேட்கிறது, ஃப்ளை ஆஷ் போன்றவை சேர்ந்த கலவைக்கு 10 நாள்.

மாணவர்:
நன்றி சார். ‘பச்சை மண்’, ‘பச்சைக் கான்கிரீட்’ என்றே எழுதிவிடவா?

வார்ப்பாலை:
மண்ணுக்கு ‘ஈர வார்ப்பு மண்’ என்று எழுதுங்கள், யாரும் நிறத்தைத் தேட மாட்டார்கள். கான்கிரீட்டுக்கு ‘இளங் கான்கிரீட்’. ‘கிரீன் டயர்’ ஆலைக்குள் வல்கனைஸ் செய்யாத (சூடாக்கி இறுக்காத) டயர். விளம்பரத்தில் எரிபொருள் மிச்சம் பிடிக்கும் டயர். ‘கிரீன் வுட்’டுக்கு மட்டும் யோசிக்கவே வேண்டாம், நம் தச்சர்கள் சொல்லும் பச்சை மரமேதான். அதில் கதவு செய்தால் காயக் காயச் சுருங்கி மூட்டு விட்டுப்போகும்.