கீரிமலைப் பாறையைக் கீறுறவைக்கு

வாடைக்காத்து:
யாழ்ப்பாணத்து வடகரையில இருக்கிற கீரிமலை எண்டு தம்பி கீறிப் போட்ட படத்தில கடல் வடிவு. பாறைதான் எங்கட கரைப் பாறை இல்லை. செங்குத்தான கருங்கல் மலை கீரிமலையில எங்க இருக்கு? இஞ்ச சுண்ணாம்புக்கல். தாழ்வாவும் கிடையாவும் கிடக்கும். மேல் முழுக்கக் குழி, அலை மட்டத்தில அடி குடைஞ்சிருக்கும். முதல்ல அந்தக் குடைவின்ர நிழலை ஒரே இருண்ட பட்டையா வையுங்கோ. குழி ஒவ்வொண்டையும் கீறப்போனால் பாறை தேன்வதை மாதிரி ஆகிடும்; முன்னால கிடக்கிற பாறையில நாலைஞ்சு குழி காணும்.

கறுப்பு ரியூப்பைத் தொடாதேங்கோ. இருண்ட நிறத்துக்கு அல்ட்ராமரின் நீலமும் பேர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) ஏறக்குறையச் சமபங்கு கலவுங்கோ. நனைஞ்ச இடத்துக்கு நீலம் கூட, காய்ஞ்ச இடத்துக்குச் சியன்னாவும் வெள்ளையும் கூட. புதுசா உடைஞ்ச முகத்துக்கு மட்டும் மஞ்சள் ஓக்கரும் (மண்மஞ்சள்) டைட்டேனியம் வெள்ளையும்.

கன்வஸ்காரி:
எங்க நிண்டு பாக்கிறது எண்டதும் முக்கியம் அண்ணை. கரை வடக்குப் பாத்தது. கடலை நேரே பாத்து நிண்டால் குடைவே தெரியாது. கரையோரமாக் கிழக்கையோ மேற்கையோ பாக்க வேணும். டிசம்பரில சூரியன் நாள் முழுக்கத் தெற்குப் பக்கம், நண்பகலில ஏறக்குறைய 57 பாகை உயரம். பாறையின்ர தலையில வெயில், கடல்முகம் முழுக்க நிழல்: ரெண்டே தொனியில படம் நிக்கும். ஜூனில சூரியன் வடக்கால போறதால கடல்முகத்திலயும் வெளிச்சம் விழும், நிழல் குடைவுக்குள்ள மட்டும். அதைக் கீறுறது கஷ்டம்.

உப்புத்தூரிகை:
நுரைக்குச் சுத்த வெள்ளை பூசினால் பஞ்சு ஒட்டினதுபோலத்தான் வரும். நிழல் பக்கத்து நுரை நீலச்சாம்பல். வெள்ளை வெயில் படுற விளிம்புக்கு மட்டும், கடைசியில, பெயின்ற் பூசுற கத்தியால தடிப்பா. அலை திரும்பேக்க குழிகளுக்குள்ளால தண்ணி நூல்நூலா வடியும். அதைக் காட்டாட்டில் பாறை காய்ஞ்சு கிடக்கும்.

ஒயில் பெயின்ரில முதல் பூச்சை ரேப்பன்ரைன் விட்டு ஐதாக்குங்கோ, மேல போகப்போக லின்சீட் எண்ணெய் கூட. மாத்திச் செய்தால் மேற்பூச்சு வெடிக்கும். அக்ரிலிக்குக்கு (தண்ணியில கரைக்கிற பெயின்ற்) மேல ஒயில் பூசலாம், ஒயிலுக்கு மேல அக்ரிலிக் நிக்காது. சோழகம் (தென்மேற்குக் காத்து) அடிக்கேக்க கன்வஸ் வள்ளத்துப் பாய் மாதிரிப் பறக்கும். அதுக்குப் பதிலா ஹாட்போட்டில (அழுத்தின மரத்தூள் பலகை) ஜெஸ்ஸோ எண்ட வெள்ளை அடிப்பூச்சை 2, 3 தரம் பூசி, இடையில மண்கடதாசியால தேய்ச்சுக் கொண்டுபோங்கோ; படம் வைக்கிற ஈசல் தாங்கியின்ர காலில கல்லுப் பை கட்டுங்கோ. ஈர ஒயிலில மணல் ஒட்டினால் உடன துடைக்காதேங்கோ, காய்ஞ்ச பிறகு உலர்ந்த பிரஷ்ஷால தட்டிவிடலாம்.

கன்வஸ்காரி:
ஓம். பிரஷ்ஷின்ர தகரக் கழுத்தையும் நல்ல தண்ணியில கழுவுங்கோ, உப்பில கறள் பிடிக்கும்.