பழைய ராணுவ லாரியின் பிரேக் டிரம் கழலவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஜிஎம்சி சிசிகேடபிள்யூ லாரி ஒன்றை வீட்டிலேயே சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

என்ஜின் ஜாம் ஆகிக் கிடந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, 6 சிலிண்டரிலும் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி 10 நாள் ஊறவிட்டேன். அப்புறம் கிராங்க் கம்பியை மெல்ல அசைத்தபோது கால் சுற்று நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!

இப்போது பிரேக்தான் பிரச்சினை. பின்பக்க டிரம் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளை) ஒன்று கழன்று வரவே மாட்டேன் என்கிறது. உள்ளே உரசி நிறுத்தும் பட்டையான லைனிங் துருவோடு டிரம்மில் ஒட்டிவிட்டது போல. அட்ஜஸ்டரைத் தளர்த்தியாயிற்று, சுத்தியலால் சுற்றிலும் தட்டியும் பார்த்தாயிற்று. ஓங்கி அடிக்கப் பயமாக இருக்கிறது. வார்ப்பிரும்பு, விரிசல் விட்டால் போச்சு. சூடு காட்டலாமா? பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால் தூசி பறக்காமல் ஈரத்துணி வைத்துத்தான் வேலை செய்கிறேன்.

இன்னொரு சந்தேகம் பிரேக் ஆயில். சிலிக்கான் வகை டாட் 5 ஈரத்தை உறிஞ்சாது, எப்போதாவது ஓடும் வண்டிக்கு அதுவே நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் வழக்கமான பிரேக் ஆயில் வகைகளான டாட் 3, டாட் 4 உடன் கலக்கக் கூடாதே, பழைய குழாய்களை எப்படிச் சுத்தம் செய்தீர்கள்? இந்த வண்டியில் கை வைத்தவர்கள் படத்தோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.