கல்லூரிப் படி ஏறாமல் தேர்வெழுதியே பட்டம் பெற்றவர்களே, உங்கள் அனுபவம் என்ன?

மூன்றாம் ஷிப்ட் (அம்பத்தூர்):

ஏ.எம்.ஐ.இ. என்றால் என்னவென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. அதனால் நானே தொடங்கிவைக்கிறேன். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இன்ஸ்டிடியூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ், 1920 முதல் இருக்கும் அமைப்பு, நடத்துகிற பொறியியல் தேர்வு இது. எங்கள் காலத்தில் இதைப் பொறியியல் பட்டத்துக்கு இணையாகக் கருதினார்கள். நம் ஊரில் அதன் மாநில மையம் சேப்பாக்கம் சுவாமி சிவானந்தா சாலையில் இருக்கிறது. வகுப்பு கிடையாது, வருகைப் பதிவு கிடையாது. ஏ பிரிவு, பி பிரிவு என்று இரண்டு கட்டம். ஆண்டுக்கு இருமுறை தேர்வு. தேறிய தாள் தேறியதுதான். மீதியை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் என்னும் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்த காலத்தில் இதில் சேர்ந்தேன். உற்பத்தித் தொழில்நுட்பத் தாளில் ஒரு கேள்வி: வெட்டும் கருவியின் முனையில் உலோகம் ஒட்டித் திரள்வது ஏன், தடுப்பது எப்படி? புத்தகத்தை மனத்துக்குள் புரட்ட வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. மைல்டு ஸ்டீலை வேகம் குறைத்துக் கடைந்தால் டூல் நுனியில் உலோகம் அப்பிக்கொள்ளும். சற்று நேரத்தில் அது பிய்ந்து ஜாப் மேலேயே, அதாவது கடைகிற துண்டின் மேலேயே, ஒட்டும். விரலால் தடவினால் சொரசொரவென்று தட்டுப்படும். "வேகத்தைக் கூட்டு, கூலன்ட் சரியாக விழுகிறதா பார், டூலைச் சரியான கோணத்தில் தீட்டு" என்று ஃபோர்மேன் அன்றாடம் போடும் சத்தத்தைத்தான் வரிசைப்படுத்தி, படம் போட்டு எழுதிவைத்தேன். அந்தத் தாளில்தான் எனக்கு அதிக மதிப்பெண்.

கணிதம் காலை வாரியது. லாப்லாஸ் உருமாற்றம் எந்தப் பட்டறையிலும் தட்டுப்படாது. வில்லிவாக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர் வீட்டுத் திண்ணையில், இரவு ஷிப்ட் முடிந்த கையோடு போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். தூங்கி விழுந்தால் அவர் திட்டமாட்டார். உள்ளே போய்க் காபி கொண்டுவருவார்.

என் கட்சி இதுதான்: கையில் தொழில் இருப்பவனுக்கு இந்த வழி வரம். தொழிலும் இல்லாமல் ஆசிரியரும் இல்லாமல் வெறும் புத்தகத்தோடு உட்காருகிறவனுக்கு இது வருடங்களை விழுங்கும் கிணறு. சேர்ந்தவர்களில் பாதியில் விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சேப்பாக்கம் ஓய்வாசிரியர்:

தம்பி, கல்லூரிக்குப் போகாமல் பட்டமா என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அது பாடமே நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது. தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான் அதன் வேலை. பாடம் நடத்தும் பொறுப்பையும் பல்கலைக்கழகங்கள் ஏற்கலாம் என்று வழி திறந்தது 1904-ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

எங்கள் தமிழ்த் துறையிலோ தனியே படித்துத் தேர்வெழுதுவது பழைய வழக்கம். மதுரைத் தமிழ்ச் சங்கம் பண்டிதத் தேர்வு நடத்தியது. மு.வ. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து உடல்நலம் கெட்டு வேலையை விட்டவர். தாமே படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் மாநிலத்திலேயே முதலாவதாகத் தேறினார். 1939-ல் பி.ஓ.எல். என்னும் கீழைமொழிப் பட்டம், அதே ஆண்டில் பச்சையப்பன் கல்லூரியில் ஆசிரியர் வேலை. அவரிடம் யாரும் வருகைப் பதிவேடு கேட்கவில்லை.

வரவு செலவு (தி.நகர்):

ஐயா சொல்வது சரி. ஆனால் இப்போது கேட்கிறார்களே! நான் ஜவுளிக் கடையில் கணக்கெழுதிக்கொண்டே அஞ்சல் வழியில் பி.காம். முடித்தவள். ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்புகளுக்குக்கூட ஒழுங்காகப் போக முடிந்ததில்லை, தீபாவளி நேரத்தில் கடையில் யார் விடுமுறை கொடுப்பார்கள்? தேர்வு ஒன்றுதான் எனக்குக் கல்லூரி.

ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போனேன். சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர், "ரெகுலர் இல்லையா?" என்றார். அதோடு முடிந்தது, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இன்னோர் இடத்தில் வயதான ஆடிட்டர் ஒருவர், சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பாஸ்புத்தகத்தையும் ரொக்க ஏட்டையும் என் முன்னால் தள்ளி, "இரண்டுக்கும் ஏன் இருப்பு ஒத்துப்போகவில்லை, சொல் அம்மா" என்றார். கொடுத்த காசோலை ஒன்று வங்கிக்கு இன்னும் வரவில்லை. வங்கிக் கட்டணம் ஏட்டில் ஏறவில்லை. கடையில் மாதக் கடைசியில் செய்கிற வேலைதான். அங்கேதான் இப்போதும் இருக்கிறேன். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் மறுபடியும் தெளிவுபடுத்தியது. அந்தச் செய்தியை வெட்டி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான்.

வடபழனி சித்தி:

என் அக்கா மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே கிளெப் என்று ஒரு தேர்வு முறை, 1967-லிருந்து. காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்துகிறது. ஒரு பாடத்தில் தேர்வெழுதி, 20 முதல் 80 வரையான அளவில் 50 எடுத்தால், பெரும்பாலான கல்லூரிகள் அந்தப் பாடத்தைப் படித்ததாகவே கணக்கில் வைத்துக்கொள்கின்றன. இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுப் படித்தாள். ஆனால் ஒன்று: கிளெப் பட்டம் தராது, பாடங்களைக் கழித்துக்கொள்ள மட்டும் உதவும். பட்டம் தர ஒரு கல்லூரி வேண்டும், எந்தத் தேர்வை எவ்வளவுக்கு ஏற்பது என்பதையும் அந்தக் கல்லூரிதான் முடிவு செய்யும். டிரெண்டனில் உள்ள தாமஸ் எடிசன் ஸ்டேட் பல்கலைக்கழகம் இப்படி வருகிற பெரியவர்களுக்காகவே இருக்கிறது. அவள் முதலில் அங்கே கேட்டுக்கொண்டுதான் தேர்வுக்கே பணம் கட்டினாள். கெட்டிக்காரி.

கோப்பு எண்:

நானும் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். நான் சேர்ந்தபோது கேட்க வேண்டிய விதியே வந்திருக்கவில்லை. எட்டாவதோடு நின்று, அலுவலக உதவியாளராகச் சேர்ந்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வெழுதி பி.ஏ. முடித்தேன். பிறகு 2009 ஆகஸ்ட்டில் அரசாணை வந்தது: பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடிக்காமல் பெற்ற திறந்தநிலைப் பட்டம் அரசுப் பணிக்குச் செல்லாது. பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். வாழ்த்துச் சொல்லி லட்டு வாங்கிச் சாப்பிட்ட அதே பிரிவு எழுத்தர்தான் கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்தார்.

பி.ஏ. பட்டதாரியாகிய நான் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதினேன். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்காக ஒரு பள்ளியில் உட்காரவைத்தார்கள். ஜன்னலுக்கு எதிரே குவிலென்சைப் பிடித்து, வெளியே உள்ள வேப்பமரம் வெள்ளைத் தாளில் தலைகீழாகத் தெளிவாக விழும்வரை முன்னும் பின்னும் நகர்த்தி, குவியத் தொலைவை அளந்தேன். பக்கத்தில் என் மகளைவிடச் சின்னப் பையன். "அங்கிள், ஸ்கேலை நேராக வையுங்கள்" என்றான். இளநிலை உதவியாளர் பதவிக்கு அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ்தான் உதவியது. பி.ஏ. பீரோவில் இருக்கிறது.

புதுமுகம் (கொரட்டூர்):

வணக்கம். இந்த ஆண்டு மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஏ.எம்.ஐ.இ. சேரலாமா? மூன்றாம் ஷிப்ட் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாம் ஷிப்ட்:

வேண்டாம், தம்பி. 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் மத்திய அரசு வேலைகளில் அதைப் பொறியியல் பட்டத்துக்கு இணையாகக் கருத வழி இருக்கிறது. நான் அதற்கு முன்னால் சேர்ந்தவன், தப்பித்தேன். உனக்கு டிப்ளமோ இருக்கிறதே, பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். கலந்தாய்வுக்கு விண்ணப்பித்துவிடு, அரசுக் கல்லூரி கிடைத்தால் செலவும் குறைவு. வீட்டு நிலைமை இடம்கொடுக்கவில்லை, சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு பட்டறையில் சேர். எங்கள் யூனிட்டில் சி.என்.சி. இயந்திரத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். மதிப்பெண் பட்டியலின் நகலோடு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் கேட்டுக்கு வந்துவிடு. எட்டு மணிக்குமேல் காவலாளி யாரையும் உள்ளே விடமாட்டார்.