புதுப்பிப்பு: டையூரான் போட்ட நீலப்பச்சைப் பாசி

காவேரிப்பட்டணம் பக்கத்து நெல் வயலில் எடுத்து வளர்த்த நீலப்பச்சைப் பாசியில் டையூரான் களைக்கொல்லி விட்டதும் ஆக்சிஜன் குமிழ் நின்றுபோச்சு, பச்சை மட்டும் அப்படியே இருக்கே, ஏன் என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

டையூரான் பச்சையத்தைத் தொடுவதே இல்லை. ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜன் விடும் புரதக் கூட்டமான ஒளியமைப்பு 2-இல், எலக்ட்ரானைச் சுமந்துபோகும் பிளாஸ்டோகுவினோன் வந்து உட்காரும் இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. எலக்ட்ரான் போக வழியில்லை; டோல்கேட்டை மூடினால் மாங்காய் லாரி வரிசை கட்டுகிற கதைதான். தண்ணீர் பிளப்பது நிற்கிறது, உறிஞ்சிய ஒளியில் ஒரு பங்கு சிவப்பு ஒளிர்வாக வெளியேறுகிறது.

"பாராகுவாட் களைக்கொல்லியும் அதே வேலைதானே?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். இல்லைங்க. அது எலக்ட்ரான் அடுத்துப் போய்ச் சேரும் ஒளியமைப்பு 1-இல் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கும்; அதில் பிறக்கும் சூப்பராக்சைடு என்ற வீரியமான ஆக்சிஜன் வடிவம் செல்லையே சிதைக்கும். பாராகுவாட் விட்ட குடுவையில் பாசி வெளிறி அடியில் தங்க, மேல்தண்ணீர் நீலமாகிவிட்டது. பாசியிலுள்ள பைகோசயனின் நீரில் கரையும் நீல நிறமி, செல் உடைந்தால் கசிந்துவிடும். டார்ச் அடித்தால் சிவப்பாக மின்னுகிறது. பார்க்க அழகு, பாசிக்குச் சாவு. (பாராகுவாட் முறிமருந்தே இல்லாத விஷம், வீட்டில் யாரும் தொட வேண்டாம்.)

வயல்காரர்களுக்கு ஒன்று: அனபீனா என்ற நீலப்பச்சைப் பாசியில் தழைச்சத்தைப் பிடிக்கும் ஹெட்டிரோசிஸ்ட் செல்களில் ஒளியமைப்பு 2 இயங்குவதில்லை. டையூரான் பட்டாலும் அந்த வேலை உடனே நிற்காது. பக்கத்துச் செல்கள் அனுப்பும் சர்க்கரை தீரத் தீரத்தான் குறையும்.