மாயவரம் குடும்பம்: பல்கேரியாவுக்கு இன்றிரவு எட்டு மணிக்குள் முடிவு

ஞாயிறு, 1 மார்ச் 2026

செந்தில் (காலை 8.40): அனைவருக்கும் வணக்கம். பல்கேரியாச் சுற்றுலா நடத்துபவர் நேற்றிரவு பதில் அனுப்பியிருக்கிறார். மே 22 முதல் 29 வரையிலான குழுவில் நமக்காக வைத்திருக்கும் நான்கு இடங்களை இன்று இரவு எட்டு மணி வரைதான் நிறுத்தி வைப்பாராம். ஆளுக்கு 250 யூரோ முன்பணம். அப்பா (யாழினிக்குப் பெரியப்பா), சரோஜா அத்தை, முரளி மாமா, கலா சித்தி ஆகிய நால்வரும் உறுதிதானா என்று ஆளுக்கொரு வரி எழுதிவிடுங்கள்.

முரளி மாமா: [கட்டைவிரல் படம்]

பெரியப்பா: மாப்பிள்ளை, கட்டைவிரல் ஒரு வாக்கியம் ஆகாது. இக்குழுவில் முழு வாக்கியமாக, பிழையில்லாத தமிழில் எழுதுவது என்று பொங்கலன்று எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

முரளி மாமா: நான் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று தூங்கிக்கொண்டிருந்தேன்.

கலா சித்தி: எனக்கு ஒரே ஒரு கேள்வி. மூட்டை முடிச்சுகளுக்கு இந்த முறை யார் காவல்?

சரோஜா அத்தை: ஆரம்பித்துவிட்டாயா கலா.

கலா சித்தி: ஹரித்வாரில் நான்கு மணி நேரம் பதினோரு பைகளோடு உட்கார்ந்தவள் நான்தானே, அண்ணி. கங்கை ஆரத்தியை நீங்கள் கொண்டுவந்த படத்தில்தான் பார்த்தேன்.

பெரியப்பா: அது 2009. அதற்கு நான் மூன்று முறை வருத்தம் தெரிவித்துவிட்டேன். இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பயணத் திட்டத்தை இரண்டு நாள்களாகப் படித்துக் குறிப்பெடுத்திருக்கிறேன். முதல் நாள் சோஃபியா. அங்குள்ள அலெக்சாந்தர் நெவ்ஸ்கி பேராலயத்தின் அடிக்கல் 1882-இல் நாட்டப்பட்டது. ஐந்நூறு ஆண்டு ஒட்டோமான் ஆட்சியிலிருந்து பல்கேரியா விடுபடக் காரணமான 1877-78 போரில் இறந்த ரஷ்ய வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டது. இரண்டாம் நாள் காலையில் பொயானா தேவாலயம். மிகச் சிறியது. ஆனால் 1259-இல் அதன் சுவர்களில் தீட்டப்பட்ட முகங்கள், அக்காலத்து ஐரோப்பிய ஓவியங்களில் காண்பதற்கரிய அளவுக்கு உயிருள்ள மனிதர்களைப் போல் நம்மைப் பார்க்கின்றன என்று படித்தேன். ஒரு நேரத்தில் எட்டுப் பேரைத்தான் உள்ளே விடுவார்கள், அதுவும் பத்து நிமிடங்களுக்கு.

முரளி மாமா: பத்து நிமிடம் போதும்.

பெரியப்பா: உங்களுக்குப் போதும். தஞ்சைப் பெரிய கோவிலின் உட்சுற்றில் இருக்கும் சோழர் ஓவியங்களை இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு நாம் ஒரு நிமிடம்கூடப் பார்த்ததில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். அன்று பிற்பகல் ரீலா மடாலயம். பத்தாம் நூற்றாண்டில் மலைக்குகையில் தவமிருந்த இவான் என்னும் துறவியின் சீடர்கள் தொடங்கியது. 1833-இல் தீயில் பெரும்பகுதி அழிந்து மீண்டும் கட்டப்பட்டது. கோடு போட்ட வளைவுகளோடு இன்று நாம் படங்களில் பார்ப்பது அந்தப் பிற்காலக் கட்டடம். பழையதில் மிஞ்சி நிற்பது 1335 வாக்கில் எழுந்த கற்கோபுரம்.

சரோஜா அத்தை: அண்ணா, படிகள் உண்டா?

பெரியப்பா: முற்றத்தில் இல்லை, சரோஜா. அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒரு மரச்சிலுவையை மட்டும் தவறவிடக் கூடாது. ரஃபாயில் என்னும் துறவி ஊசி போன்ற கருவிகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு, 81 செ.மீ. உயரமுள்ள ஒற்றை மரத்துண்டில் 104 காட்சிகளையும் சுமார் 650 உருவங்களையும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் செதுக்கி, 1802-இல் முடித்தபோது கண்பார்வையை இழந்திருந்தார்.

கலா சித்தி: ஐயோ பாவம்.

முரளி மாமா: மூன்றாம் நாள் என்ன? அந்த ஏழு ஏரிப் படம் எப்போது வரும்?

பெரியப்பா: மூன்றாம் நாளான மே 24 அன்றுதான் ஏழு ஏரிகள். எனக்குச் சிக்கலே அங்குதான்.

யாழினி (காலை 10.15): எல்லோருக்கும் வணக்கம். [படம்: மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல்] பல்கேரியாவில் நான் படிக்கும் ப்ளோவ்திவ் நகரில் இன்று மார்ச் முதல் நாள் என்பதால் ஒருவருக்கொருவர் இந்த நூலைக் கட்டிவிடுகிறார்கள். மார்த்தெனித்சா என்று பெயர். நாரையையோ பூத்த மரத்தையோ பார்க்கும்வரை கழற்றக் கூடாது. பிறகு அந்த நூலை மரக்கிளையில் கட்டிவிட வேண்டும்.

சரோஜா அத்தை: நம் ஊர்க் காப்புக் கட்டு மாதிரி இருக்கிறதே. சாப்பிட்டாயா, கண்ணு?

யாழினி: சாப்பிட்டேன், அத்தை. மாமா கேட்ட ஏரிகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். விளம்பரத் தாளில் இருப்பது ஆகஸ்ட் மாதப் படம். ஏரிகள் 2,100 மீட்டரிலிருந்து 2,500 மீட்டர் உயரம் வரை ஒன்றின்மேல் ஒன்றாகப் படிக்கட்டுப் போல் கிடக்கின்றன. மே மாத இறுதியில் மேலே பனி உருகியிருக்காது. போன ஆண்டு நானும் வகுப்புத் தோழிகளும் ஜூன் முதல் வாரத்தில் போனோம். இழுவை நாற்காலியிலிருந்து இறங்கிக் கால் மணி நேரத்திலேயே முழங்கால் வரை பனியில் புதைந்து, கான்வாஸ் காலணிக்குள் தண்ணீர் புகுந்து, இரண்டாம் ஏரியோடு திரும்பிவிட்டோம். மேலே உள்ளவை வெள்ளைத் தட்டு மாதிரி உறைந்து கிடந்தன. முழங்கால் வலியுள்ள அத்தையை மே 24 அன்று அங்கே அழைத்துப் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

முரளி மாமா: ஏழில் இரண்டுதானா?

யாழினி: ஒவ்வொன்றுக்கும் வடிவத்தை வைத்துப் பெயர். உச்சியில் இருப்பது கண்ணீர், அதற்குக் கீழே கண், அதற்குக் கீழே சிறுநீரகம். பிறகு இரட்டை, மூவிலை, மீன், கடைசியில் கீழேரி.

கலா சித்தி: சிறுநீரகமா? அண்ணன் அங்கேயும் ஒரு கல்லைப் போட்டுவிட்டு வரட்டும்.

முரளி மாமா: கல் போன மாதமே வெளியேறிவிட்டது. எல்லோருக்கும் தெரிவித்தேன்.

செந்தில்: படத்தோடு தெரிவித்தீர்கள், மாமா.

பெரியப்பா: பேச்சு தடம் மாறுகிறது. மே 24 பல்கேரியர்களுக்கு எழுத்துத் திருநாள். சிரில், மெத்தோடியஸ் என்னும் சகோதரர்கள் ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்லாவிய மொழிக்கென ஓர் எழுத்துமுறையை உருவாக்கினார்கள். அவர்களுடைய மாணவர்கள் மொராவியாவிலிருந்து துரத்தப்பட்டபோது அடைக்கலம் கொடுத்தது பல்கேரிய அரசு. இன்று சிரில்லிக் என்று வழங்கும் எழுத்து அந்நாட்டில்தான் உருப்பெற்றது. 2007-இல் பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததால் இலத்தீன், கிரேக்கம் ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவதாக அந்த எழுத்தும் ஒன்றியத்தில் இடம்பெற்றது. எழுத்துக்காகப் பள்ளிக் குழந்தைகள் மாலை சுமந்து ஊர்வலம் போகும் நாளில், முப்பத்தொரு ஆண்டு கரும்பலகையில் எழுதிய நான் பனியில் புதைந்து நிற்க வேண்டுமா?

யாழினி: வேண்டாம், பெரியப்பா. ஏரி நாளை எடுத்துவிட்டு 24-ஆம் தேதியை ப்ளோவ்திவுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊர்வலம் இங்கேயும் உண்டு. என் அறையிலிருந்து பத்து நிமிட நடையில் ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் மண்ணுக்குள் கிடந்து 1970-களில் வெளியே வந்தது. பளிங்கு இருக்கைகளில் உட்கார்ந்து இன்றும் இசை நாடகம் பார்க்கிறோம். நான் தேர்வுக்குப் படிப்பதும் அந்தப் படிகளுக்கு மேலே உள்ள சுவர் நிழலில்தான். ஏழு குன்றுகளின் ஊர் என்று வழிகாட்டி சொல்வார். நம்பாதீர்கள். ஒரு குன்றை வெட்டித் தெருக்களுக்குக் கல் பாவிவிட்டார்கள். இப்போது இருப்பவை ஆறு.

முரளி மாமா: ஏழு என்று சொல்லி ஆறு. எனக்குப் பழக்கம்தான். நாற்பது சவரன் என்று சொல்லி முப்பத்திரண்டு போட்ட வீட்டில் பெண் எடுத்தவன்.

சரோஜா அத்தை: இந்த வயதில் இது தேவையா?

பெரியப்பா: 1987-ஐ இக்குழுவில் திறக்க வேண்டாம்.

முரளி மாமா: நான் வேடிக்கையாகச் சொன்னேன்.

சரோஜா அத்தை: முப்பத்தொன்பது வருடமாக வேடிக்கை.

செந்தில் (பகல் 12.05): ஏரி நாளை மாற்ற முடியுமா என்று கேட்டு எழுதிவிட்டேன். அத்தை, மீதி நாள்களைப் பற்றி உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் யாழினி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சரோஜா அத்தை: ரோஜாத் தோட்டம் உண்டு என்று சொன்னதால்தான் நான் ஒத்துக்கொண்டேன். அது நிச்சயமா?

யாழினி: நிச்சயம், அத்தை. கசன்லக் என்னும் ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கில் மே நடுவிலிருந்து ஜூன் வரை பறிப்பு நடக்கும். வெயில் ஏறினால் இதழிலுள்ள எண்ணெய் பறந்துவிடும் என்பதால் விடியும் முன்பே இறங்கி, காலை ஒன்பது பத்து மணிக்குள் முடித்துவிடுவார்கள். நான் ஒரு நாள் பறித்தேன். பூ நம் பன்னீர் ரோஜா மாதிரி சிறியது, வெளிர் சிவப்பு. காம்புக்கு மேலே இரண்டு விரலால் பிடித்து ஒடித்தால் ‘டக்’ என்று வரும். கையெல்லாம் முள் கீறல், அதற்கு மேல் பனித்துளி, இரண்டு நாளுக்குப் போகாத வாசனை. ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று டன்னுக்கும் குறையாத பூ வேண்டும். ஆனால் ஒன்று. திட்டத்தில் கசன்லக் போய்ச் சேரும் நேரம் காலை பதினொன்று என்று இருக்கிறது. அந்த நேரத்தில் போனால் காலிச் செடியைத்தான் பார்ப்பீர்கள். முந்தைய இரவே அங்கே தங்க வைக்கச் சொல்லுங்கள்.

சரோஜா அத்தை: செந்தில், இதையும் எழுது. குல்கந்து கிடைக்குமா?

யாழினி: ரோஜா இதழ் ஜாம் கடைகளில் கிடைக்கும். அதே ஊரில் 1944-இல் கண்டெடுத்த, இப்பகுதியில் பண்டு வாழ்ந்த திராசியர் என்னும் மக்களின் கல்லறை ஒன்று இருக்கிறது. கிறிஸ்துவுக்கு நான்கு நூற்றாண்டு முந்தையது. குவிமாடத்துக்குள் ஓவியம். பொதுமக்களைப் பக்கத்தில் கட்டிய நகலுக்குள்தான் விடுகிறார்கள். நகல் என்று தெரிந்த பிறகும் எனக்கு அந்தக் குதிரைகள் பிடித்திருந்தன.

கலா சித்தி: சாப்பாடு பற்றி ஒருவரும் பேசவில்லை.

யாழினி: அம்மா, கவலைப்படாதே. தயிர் இந்த ஊரின் சொத்து. அதில் இருக்கும் நுண்ணுயிரை 1905-இல் கண்டறிந்தவரும் பல்கேரியர், அதற்குப் பெயரும் பல்கேரியாவை வைத்துத்தான். தாராத்தோர் என்றால் வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடியில் பூண்டும் சதகுப்பையும் வால்நட்டும் போட்டுக் குளிரவைத்தது. மடாலயப் பக்கம் பீன்ஸ் சூப் நன்றாக இருக்கும். பொடி கொண்டுவரலாம். நெய்யை மட்டும் எடுத்து வராதே, ஐரோப்பாவுக்குள் பால் பொருள்களை விட மாட்டார்கள்.

கலா சித்தி: நல்லெண்ணெய்?

யாழினி: கசியாமல் கட்டு. கயாவில் நடந்தது போதும்.

பெரியப்பா: கயாவில் கசிந்தது என் பாத்திரம் அல்ல என்பதைப் பதிவு செய்கிறேன்.

யாழினி: முக்கியமான ஒன்றை மறந்துவிட்டேன். இங்கே தலையை மேலும் கீழும் ஆட்டினால் ‘இல்லை’ என்று பொருள். பக்கவாட்டில் ஆட்டினால் ‘ஆமாம்’. முதல் மாதம் காய்கறிக் கடையில் நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அந்தப் பாட்டி தக்காளியை நிறுத்துக்கொண்டே இருந்தார். வெளிநாட்டவரைக் கண்டால் சிலர் நம் முறைக்கு மாற்றியும் ஆட்டுவதால் குழப்பம் இரட்டிப்பு. வாயால் ‘தா’ என்றால் ஆமாம், ‘நே’ என்றால் இல்லை. அதை மட்டும் நம்புங்கள்.

முரளி மாமா: கடல் எப்போது?

பெரியப்பா: ஏழாம் நாள். அதற்கு முன் ஆறாம் நாளில் வெலிகோ தர்னவோ, 1185 முதல் 1393 வரை தலைநகராக இருந்த கோட்டை நகரம். ஏழாம் நாள் காலையில் மதாரா. செங்குத்துப் பாறையில் தரையிலிருந்து 23 மீட்டர் உயரத்தில், சிங்கத்தை ஈட்டியால் குத்தும் குதிரை வீரன், பின்னால் ஒரு நாய், எட்டாம் நூற்றாண்டுச் சிற்பம். சுற்றிலும் கிரேக்க எழுத்தில் கான்கள் எனப்பட்ட பல்கேரிய அரசர்களைப் பற்றிய கல்வெட்டுகள். நடுகல் பார்த்துப் பழகிய நமக்கு...

யாழினி: பெரியப்பா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உச்சி வெயிலில் அது பாறையில் இருக்கும் கறை மாதிரிதான் தெரியும். சாய்ந்த வெளிச்சம் விழும்போது பார்க்க வேண்டும். புதிய சென்ட் நாணயங்களில் அதே வீரன் இருக்கிறான். இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் இங்கே யூரோதான். ஒரு யூரோவில் ரீலாத் துறவி.

செந்தில்: மாமா, அன்று மாலை வார்னா. கருங்கடல். 1972-இல் அங்கே பள்ளம் தோண்டும்போது கிடைத்த புதையல், ஆறாயிரம் ஆண்டுக்கும் பழையது, மொத்தம் சுமார் 6 கிலோ தங்கம்.

முரளி மாமா: 750 சவரன்.

சரோஜா அத்தை: உடனே கணக்குப் போட்டுவிட்டார்.

செந்தில் (மாலை 5.30): பதில் வந்துவிட்டது. நம் நால்வரும் சேர்ந்து கேட்டால் ஏரிக்குப் பதில் ப்ளோவ்திவைத் தரத் தயாராம், ஆனால் குழுவில் இன்னும் ஆறு பேர் இருப்பதால் அவர்களையும் கேட்க வேண்டுமாம். கசன்லக்கில் முதல் நாள் இரவு தங்குவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விசாவைப் பொறுத்தவரை பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசாவில் போகும் ஷெங்கன் பகுதியில் பல்கேரியா இப்போது முழுமையாக இருப்பதால் ஷெங்கன் விசாதான்: கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, ஊர் திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாகும் கடவுச்சீட்டு. எல்லோரும் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

கலா சித்தி: எனக்கு 2031.

பெரியப்பா: என்னுடையது 2029 நவம்பர் வரை செல்லும்.

சரோஜா அத்தை (மாலை 6.50): பீரோவில் தேடி எடுத்தேன். எனக்கு 2030. இவருடையது 14 ஜூலை 2026.

செந்தில்: அத்தை, அது போதாது. ஆகஸ்ட் இறுதி வரையாவது இருக்க வேண்டும்.

முரளி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

பெரியப்பா: என்ன எழுதினீர்கள், மாப்பிள்ளை?

முரளி மாமா: முழு வாக்கியம் இல்லை, அதனால் நீக்கினேன்.

செந்தில்: தட்கலில் புதுப்பிக்கலாம், மாமா. நாளையே விண்ணப்பித்தால் விசாவுக்கு நேரம் இருக்கும்.

கலா சித்தி: அண்ணன் வரவில்லை என்றால் அண்ணியோடு அறையில் நான் தங்குகிறேன். அவர் குறட்டைக்காகக் கேட்டிருந்த தனி அறையை பெரிய அத்தானுக்குக் கொடுத்துவிடலாம்.

பெரியப்பா: நான் குறட்டை விடுவதில்லை.

செந்தில் (இரவு 7.52): மூன்று பேருக்கு மட்டும் முன்பணம் கட்டிவிட்டேன். நான்காவது இடத்தை நாளை காலை பதினொரு மணி வரை வைத்திருப்பதாகச் சொல்கிறார். அத்தை, மாமா நாளை விண்ணப்பிக்கிறாரா?

சரோஜா அத்தை (இரவு 8.20): கேட்டேன். தலையை ஆட்டினார். எந்த ஊர் முறைப்படி ஆட்டினார் என்று தெரியவில்லை.

செந்தில்: பதினொரு மணி, அத்தை. மறந்துவிடாதீர்கள்.