பொருள்: பட்டியலை ‘நிரப்பு’வதா, ‘எடுத்தடுக்கு’வதா?

அனைவருக்கும் வணக்கம்.

சேலத்தில் ஒரு மாம்பழக் கடைக்கு இணையத்தில் ஆர்டர் எடுக்கும் படிவம் செய்து, அதற்குத் தமிழில் விளக்கக் குறிப்பும் எழுதி வருகிறேன். ஒரு வினைச்சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

ரகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு கீழ்விரி பட்டியல் (டிராப்டவுன்; இந்தச் சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை). மல்கோவா, இமாம் பசந்த், செந்தூரா, நடுசாலை எதையும் நான் நிரலில் எழுதிவைக்கவில்லை. தரவுத்தளத்தின் ரக அட்டவணையிலிருந்து வருகின்றன. கடைக்காரர் அங்கே குண்டு ரகத்தைச் சேர்த்தால், அடுத்த முறை பக்கம் திறக்கும்போது பட்டியலிலும் குண்டு இருக்கும். முதலில் பழைய ஆர்டர்களிலிருந்தே ரகங்களை எடுத்துப் பார்த்தேன். ‘மல்கோவா’, ‘மல்கோவ’, ‘மல்கோவா 2 கிலோ’ என்று மூன்று மல்கோவா வந்து நின்றன. அப்புறம்தான் தனி அட்டவணை.

இப்படித் தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பட்டியலில் இடும் வேலையை ஆங்கிலத்தில் பாப்புலேட் என்கிறார்கள். நாம் ‘நிரப்பு’ என்கிறோம். ஆனால் படிவத்தை நிரப்புகிறவர் வாடிக்கையாளர் அல்லவா? “படிவத்தை நிரப்புமுன் பட்டியல் நிரப்பப்படும்” என்று எழுதிக் காட்டினேன். “யாரு நிரப்பறது, நானா?” என்றார் கடைக்காரர்.

அவர் உள்ளறையிலிருந்து பழத்தை எடுத்துவந்து முன்னால் ரகவாரியாக அடுக்குவதைப் பார்த்தபோது தோன்றியது: ‘எடுத்தடுக்கு’. எடுப்பது வினவலின் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, query) வேலை, அடுக்குவது வரிசை. சரிவருமா?

---

> நிரலாக்கத்தில் தரவை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஸ்டாக்கை (stack) ‘அடுக்கு’ என்று சொல்கிறோமே. கடை பரப்புவது போல ‘பரப்பு’ என்றால் என்ன?

ஏற்காட்டு ஐயாவுக்கு வணக்கம். ‘பரப்பு’ எனக்கும் பிடித்தது. ஆனால் அது வதந்திக்கும் நோய்க்கும் போய்விட்ட சொல். அதில் வரிசையும் இல்லை. வரிசையில்தான் தலைவலியே. படிவத்தில் உள்ள ஊர்ப் பட்டியலை யூனிகோடு எண்படி (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) விட்டால் ஜாகீர் அம்மாபாளையம் சூரமங்கலத்துக்கும் தாரமங்கலத்துக்கும் நடுவில் வந்து உட்காருகிறது. நம் அகராதி வழக்கில் ‘ஜ’ போன்ற கிரந்த எழுத்து கடைசியில் அல்லவா வரும்? ஸ்டாக் ‘அடுக்கு’ பெயர்ச்சொல், இது கூட்டுவினை. குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

என்னிடம் சொல் இல்லாதது வேறொன்றுக்கு. வட்டம் ஓமலூர் என்று தேர்ந்ததும் அடுத்த பட்டியலில் ஓமலூர் வட்டத்து ஊர்கள் மட்டும் வரவேண்டும். அந்த இரண்டாவது பட்டியலை என்ன சொல்லி அழைப்பது? ‘சார்புப் பட்டியல்’ என்று இப்போதைக்கு எழுதிவைத்திருக்கிறேன். மாற்றுச் சொல் இருந்தால் சொல்லுங்கள்.