பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்கலாமா?

நெய்தல் அம்மா: பெரியவன் ஏழாவது, சின்னவள் நான்காவது. ஜூனிலிருந்து இருவரையும் வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம். எங்கள் பங்கில், அதாவது கோவில் சமூகத்தில், பலருக்கு இது பிடிக்கவில்லை. பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் எல்லாம் முடிய இரவு ஒன்பதரை ஆகிறது. ஜெபமாலையின் ஐந்து பகுதிகளில் இரண்டாவது தேவ இரகசியம் வருவதற்குள் சின்னவள் தூங்கி விழுகிறாள். பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான் என்று கத்தோலிக்க ஆயர்களின் பொதுச்சங்கமான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கல்வி பற்றிய ஏட்டில் 1965இலேயே சொல்லியிருக்கிறதே?

ஓய்வு வாத்தியார்: அம்மா, முடிந்த இடங்களில் பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்புங்கள், அதற்குத் துணை நில்லுங்கள் என்றும் அதே ஏட்டில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் சட்டம் 798உம் அதையே சொல்கிறது. அதற்கு வழியில்லாதபோதுதான் வெளியே ஏற்பாடு. நான் பங்குப் பள்ளியில் பாடம் எடுத்தவன். கட்டுமரக்காரர் பிள்ளையும் டாக்டர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தது அங்கேதான். அக்கறையுள்ள குடும்பங்கள் ஒவ்வொன்றாக விலகிவிட்டால், விலக வழியில்லாதவர்களுக்காக அந்தப் பள்ளியில் கேள்வி கேட்பது யார்?

நெய்தல் அம்மா: சார், கல்விக்கான வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்று அதே தொகுப்பில் சட்டம் 793 சொல்கிறது. என் கவலை, பிள்ளைகள் ஒரு புத்தகத்தை நிதானமாகப் படிப்பது பற்றியது. கோடை விடுமுறையில், சூசையப்பரைப் பற்றி வீரமாமுனிவர் பாடிய காப்பியமான தேம்பாவணி படிக்க ஆரம்பித்தோம். 3615 பாட்டையும் படிக்கவில்லை, உரையோடு சில படலங்கள் மட்டும். நாட்டுப் படலத்தில் யூதேயாவை நம்மூர் வயல்வெளி போலவே அவர் பாடுகிறார். “சூசையப்பர் ஊரிலும் நெல் விளைஞ்சுதா?” என்று கேட்டுப் பெரியவன் அட்லஸை எடுத்தான். பாலஸ்தீனத்து மழை, கோதுமை, ஒலிவம் என்று அன்று மதியம் முழுக்க அதிலேயே போனது. மணி அடித்தால் மூடிவைக்கும் பாடத்தில் இது நடக்குமா?

ஓய்வு வாத்தியார்: அருமையான மதியம், மறுக்கவே மாட்டேன். ஆனால் அதற்குப் பள்ளியை ஏன் விட வேண்டும்? டியூஷனை விடுங்கள். மாலை இரண்டு மணி நேரம் கையில் கிடைக்கும்.

வைகைக்கரை: அக்கா, நடைமுறையையும் பாருங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. வீட்டுக்கல்விக்கென்று அதில் தனி விதி இல்லை. திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாவது எழுதலாம், 14 வயது முடிந்திருக்க வேண்டும், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. இதெல்லாம் சமாளிக்கக்கூடியதுதான். ஆனால் வீட்டுக்கல்வி என்றால் சமையலும் பாடமும் சேர்ந்து அம்மா தலையில்தான் விழுகிறது. அண்ணன் எதை எடுத்துக்கொள்கிறார்? அதை முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

நெய்தல் அம்மா: கணக்கும் அறிவியலும் அவர் பொறுப்பு, காலை ஏழு முதல் எட்டரை வரை. வேலைக்குப் போவதற்கு முன்னால். அதை ஒப்புக்கொண்ட பிறகுதான் நானே சம்மதித்தேன். டியூஷனை மட்டும் நிறுத்திப் பார்த்தோம் சார். டியூஷனுக்கு வராத பிள்ளை என்று வகுப்பில் தனியாக எழுப்பி நிறுத்தினார்கள். அதனால்தான் இந்த முடிவு.

ஓய்வு வாத்தியார்: அது தவறு. வாத்தியாராக இருந்தவன் என்ற முறையில் எனக்கே வலிக்கிறது. தலைமையாசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள், அடுத்த பிள்ளைக்காவது உதவும். வீட்டுக்கல்வி சரியென்று நான் இன்னமும் சொல்லமாட்டேன். கோவிலில் நடக்கும் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பை மட்டும் வீட்டுக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். மற்ற பிள்ளைகளோடு வந்து உட்காரட்டும்.

நெய்தல் அம்மா: அது நிற்காது சார். சின்னவளுக்கு அடுத்த வருடம் புதுநன்மை (முதல் நற்கருணை), அந்த வகுப்பில்தான் அவள் தோழிகள் எல்லாரும் இருக்கிறார்கள். புகாரை இந்த வாரமே எழுதுகிறேன்.